பூட்டு சாவிக்குப் பக்கத்தில்

பெட்டியைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தார்கள். சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை, இவ்வளவுதானா என்று வள்ளிமயிலுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. நடையாய் நடந்து, தொண்டை கட்டி, செருப்பு வார் அறுந்து, கடைசியில் அத்தனையும் ஒரு பள்ளிக்கூடத்து மேசையில் சருகு மாதிரி விழுந்து கிடந்தது. ஓட்டு எண்ண வந்த டீச்சர்மார்கள் குனிந்து நிறம் நிறமாகப் பிரிக்கத் தொடங்கினார்கள். மஞ்சள் மாவட்டத்துக்கு, பச்சை ஒன்றியத்துக்கு, வெள்ளை வார்டுக்கு, ரோஸ் ஊராட்சித் தலைவருக்கு. ரோஸ் தாளில்தான் அவள் இருந்தாள், வள்ளிமயில் என்ற பேரும் பக்கத்தில் பூட்டு சாவிப் படமுமாக. வேட்பாளர்களும் அவர்களுடைய முகவர்களும் இந்தப் பக்கம், நடுவில் கம்பிவலை. கோழிக்கூண்டுக்கு அடிக்கிற வலைதான், சவுக்குக் கம்பில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். இதில் யார் கோழி, எந்தப் பக்கம் கூண்டு என்று யோசனை ஓடி, அவளாகவே சிரித்து, அதைச் சொல்வதற்காகப் பக்கத்தில் திரும்பினாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. காலி என்பது தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் காலையிலிருந்து கழுத்து தன்பாட்டுக்குத் திரும்பிக்கொண்டே இருந்தது. கழுத்துக்கு யார் சொல்லிப் புரியவைப்பது. அந்த நாற்காலி இருளாயிக்கு உரியது. எண்ணிக்கைக்கு ஒரு முகவரைக் கூட்டிவரலாம் என்று ஆபீசில் சொன்னபோது, யாரை என்று யோசிக்கவே தோன்றாமல் இருளாயி பேரைச் சொல்லிவிட்டு வந்தாள். நேற்று சாயங்காலம் இருளாயியின் மருமகள் வந்து வாசலில் நின்று, "அத்தைக்குக் கால்வலியாம், வரலையாம்" என்று சொல்லிவிட்டு உள்ளேகூட வராமல் போனாள். கால்வலியாம். கண்மாய்க் கரை நெடுக மண் சுமந்த காலுக்கு பஸ் ஏறி உட்கார்ந்து வரத்தான் வலிக்குமாக்கும்.

மின்விசிறி சுற்றியது, ஆனால் எண்ணுகிறவர்கள் தலைக்குமேல் இருந்ததை நிறுத்திவிட்டார்கள், தாள் பறக்குமாம். கரும்பலகையில் எந்த வகுப்புக்கோ எழுதிய பாடம் பாதி அழிந்து, ஒரு இலையும் ஒரு சூரியனும் மட்டும் மிச்சமிருந்தன. ஒன்றுக்குப் போகவேண்டும்போல் அடிவயிறு முட்டியது. போகலாம், கழிப்பறை மைதானத்தைத் தாண்டி இருந்தது, போய்விட்டு வருவதற்குள் இங்கே என்ன நடக்கும். தனுஷ்கோடி அண்ணனுக்கு அந்தக் கவலை இல்லை. அவர் ஆட்கள் வலையோரம் முழுக்க நிறைந்து நின்றார்கள், ஒருத்தர் போனால் ஒருத்தர் பார்த்துக்கொள்வார். பத்து வருஷம் தலைவராக இருந்தவர், இந்தத் தடவை தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டதால் மங்கையர்க்கரசி அக்காவை நிறுத்தியிருந்தார். நிறுத்தியிருந்தார் என்பது சரியான வார்த்தைதான். சுவரொட்டியில் அவர் முகம் பூசணிக்காய் அளவும் அக்கா முகம் எலுமிச்சை அளவும் இருந்தது. அக்கா இன்றைக்கு வரக்கூட இல்லை, வீட்டில் விருந்துக்கு உலை வைத்திருப்பாள். வள்ளிமயிலுக்கு அக்காமேல் ஒரு கோபமும் கிடையாது. கோபமெல்லாம் அந்தத் தட்டின்மேல்தான். பிரச்சாரம் முடிகிற அன்று மத்தியானம் காளியம்மன் கோயில் தெருமுனையில் திரும்பியபோது மங்கையர்க்கரசிக்கு ஆரத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையாகப் பெண்கள், கையில் தட்டு, தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர். முதலாவதாக நின்றவளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே கையை அடையாளம் கண்டுகொண்டாள். கண்ணாடி வளையல் இரண்டு, மணிக்கட்டில் கருவேல முள் கிழித்த தழும்பு. இருளாயி. தட்டைச் சுற்றியபடியே நிமிர்ந்தவள் வள்ளிமயிலைப் பார்த்தாள். பார்த்த பிறகும் கை நிற்கவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. தனுஷ்கோடியின் டிராக்டரை அவள் மகன் ஓட்டுகிறான், சொன்னால் செய்யத்தான் வேண்டும், இது தெரியாதா. தெரியும். தட்டைப் பிடிக்கலாம். நிமிர்ந்து பார்த்த பிறகாவது கண்ணைத் தாழ்த்தியிருக்கலாம். இல்லை, கண்ணைத் தாழ்த்தியிருந்தால் அதற்கும் மனசு ஏதாவது சொல்லியிருக்கும். ஊர் ஓட்டு மொத்தமும் ஒரு பக்கம் கிடக்கட்டும், ஜெயிப்பதும் தோற்பதும் எப்படியோ போகட்டும், இருளாயி எந்தப் படத்தில் முத்திரை குத்தினாள் என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. அது மட்டும்தான் தெரியவே வராத விஷயம். ரகசிய ஓட்டு என்று வீடு வீடாகப் போய் அவளேதான் சொல்லிக்கொடுத்தாள்.

"தங்கச்சி, டீ சொல்லவா?" என்றார் தனுஷ்கோடி. "வேண்டாம்ணே" என்றாள். "குடி, குடி. எண்ணி முடிக்க நேரமாகும், வெறும் வயித்தோட இருக்காத." நல்ல மனுஷர்தான், அதுதான் தொல்லை. சட்டைப் பையில் கண்ணாடியைத் தடவிப் பார்த்தார், அங்கே இல்லை, இடுப்பில் தடவினார், அங்கேயும் இல்லை. கண்ணாடி இல்லாமல் கிட்டத்து எழுத்து ஒன்றும் தெரியாது அவருக்கு, அந்தக் காலத்திலேயே எந்தத் தாளையும் யாரையாவது வாசிக்கச் சொல்லித்தான் கையெழுத்துப் போடுவார். காரில் விட்டிருப்பாரோ என்னவோ, ஆளை அனுப்பினார். டீ வந்தது. குடித்தால் அடிவயிறு இன்னும் முட்டும் என்று கையிலேயே வைத்திருந்தாள். சூடு விரலில் ஏறியது. வீட்டில் வெள்ளாட்டுக்குத் தண்ணி வைத்தோமா. வைத்தோம். இல்லை, வாளியை எடுத்தோம், அப்போது பஸ் வருகிற சத்தம் கேட்டது, வாளியை எங்கே வைத்தோம். வீட்டில் எடுத்து வைக்க யார் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் திருப்பூரில் சாயப்பட்டறையில், ஓட்டுப் போடக்கூட வரவில்லை, லீவு இல்லையாம். "ஜெயிச்சா சொல்லு" என்றார் போனில். தோற்றால் சொல்லவேண்டாமா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. போனையும் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு விதத்தில் நல்லது, யாரும் கூப்பிடவில்லையே என்று அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

எப்போதிருந்து இப்படி ஆயிற்று என்று யோசித்தால் நாற்காலியில் போய் நிற்கும். மனுத் தாக்கல் செய்துவிட்டு வந்த மறுநாள் வேலை நடக்கிற இடத்துக்குப் போனாள். நூறுநாள் வேலை, கண்மாய் உள்வாயில் கூடிவந்து மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தார்கள். எப்போதும்போல் தூக்குவாளியைத் திறந்துகொண்டு நடுவில் போய்ச் சம்மணம் போடப் போனவளை, "இரு, இரு" என்று ஒருத்தி தடுத்து, எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வேண்டாம் என்று சொன்னாள். கேட்கவில்லை. உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் எல்லோரும் கீழே போய்விட்டார்கள். யாரும் அவள் வாளியில் கைவிட்டுத் துவையல் எடுக்கவில்லை. அவள் சொன்ன சாதாரணப் பேச்சுக்கெல்லாம் சிரித்தார்கள். அன்றைக்கு இருளாயி சிரிக்காமல் தன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள் என்பது இப்போது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு போன வீட்டிலெல்லாம் நாற்காலி. போன வீட்டிலெல்லாம் "ஒனக்குத்தான் ஆத்தா, ஒனக்கில்லாமயா". அவளும் கையெடுத்துக் கும்பிட்டாள். முதல் வீட்டில் கூசியது, பேன் பார்த்துவிட்ட தலைகளைப் பார்த்து எப்படிக் கும்பிடுவது. தெரு முடிவதற்குள் பழகிப்போனது, கை தானாகக் கூடியது. அப்படியே இருளாயி வாசலுக்கும் போய் நின்று, பின்னால் வந்த நாலு பேர் பார்க்க, கும்பிட்டுவிட்டாள். இருளாயி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "என்னையுமா மதினி?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு என்ன பதில் சொன்னோம். சொன்ன மாதிரி ஞாபகம் இல்லை. அடுத்த வீட்டுக்குப் போய்விட்டோம். அடுத்த வீட்டுக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்து ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடித்திருந்தால் அந்தத் தட்டு வந்திருக்காதோ என்னவோ.

ரோஸ் தாள்களைப் படம் படமாகப் போடத் தொடங்கினார்கள். மங்கையர்க்கரசியின் ஆட்டோ ஒரு தட்டில், பூட்டு சாவி ஒரு தட்டில். ஆட்டோவுக்கு விழுந்தபோதெல்லாம் தனுஷ்கோடியின் ஆட்கள் தொண்டையைச் செருமினார்கள். பூட்டு சாவிக்கு விழுந்தபோது செரும ஆளில்லை. ஆனால் விழுந்தது. ஆட்டோ, பூட்டு, பூட்டு, ஆட்டோ, பூட்டு. அடேயப்பா, விழுகிறதே. இந்தக் கைகளெல்லாம் எந்தக் கைகள். முன்பு இவை வெறும் கட்டைவிரல்களாக இருந்தன. வேலைக்கு வராதவனுக்கெல்லாம் வந்ததாக எழுதி, வந்தவளுக்குப் பாதிக் கூலி கொடுத்து, கேட்டால் "நீதான ரேகை வச்ச" என்று தாளைக் காட்டிய காலம். அப்போதுதான் அவள் ஆரம்பித்தாள். பெரிய திட்டம் ஒன்றுமில்லை, எட்டாவது படித்த ஒருத்தி என்ன திட்டம் போடுவாள். சோற்று நேரத்தில் கருவேல நிழலில், காய்ந்த கண்மாய் மண்ணில், குச்சியால் அவளவள் பேரை எழுதச் சொன்னாள். சிரித்தார்கள், வெட்கப்பட்டார்கள், குச்சியை எறிந்துவிட்டுப் போனார்கள், திரும்பி வந்தார்கள். மழை வந்து கண்மாய் நிறைகிறவரை அவர்கள் பேர்கள் அங்கேயே கிடந்தன. பிறகு ஆளுக்கொரு பேனா. அவரவர் காசில், அவரவர் சுருக்குப்பையில், வெற்றிலையோடு வெற்றிலையாக. யார் பேனாவையும் கடன் வாங்கக்கூடாது, மைப்பெட்டியை நீட்டினால் விரலை மடக்கிக்கொண்டு பேனாவை எடுக்கவேண்டும். "நம்ம கையெழுத்து இல்லாத தாள் நம்ம தாள் இல்ல" என்று கூட்டம் முடியும்போதெல்லாம் சொல்வாள், எல்லோரும் கூடச் சொல்வார்கள். இருளாயிதான் கடைசியில் கற்றாள், கற்றபிறகு எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டாள். பேங்கில் மேனேஜர் கையெழுத்துப் போடுவதை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, தானும் பேருக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி வைத்தாள். "புள்ளி எதுக்குடி?" என்றால், "அது இருந்தாத்தான் மதினி ஆபீசர் கையெழுத்து" என்பாள்.

இவ்வளவு செய்தவளை விட்டுவிடுவார்களா என்றும், இவ்வளவு செய்தவள் என்று நாமே நினைக்கிறோமே, இதைத்தான் நாற்காலிப் புத்தி என்பதோ என்றும் மாறி மாறி ஓடியது. எண்ணுகிறவர்களில் மூக்குத்தி போட்ட டீச்சர் ஒரு தாளைப் பிரித்து, புருவத்தைச் சுருக்கி, பூட்டுத் தட்டிலும் போடாமல் ஆட்டோத் தட்டிலும் போடாமல் தனியாக ஒரு ஓரத்தில் வைத்தாள். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. அந்த ஓரம் வளர்ந்தது. வள்ளிமயில் வலையில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தாள், கம்பி கன்னத்தில் பதிந்தது, இங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை. மடிப்பைத் தப்பாக மடித்து மை ஒட்டிவிட்டதோ. எப்படி மடிப்பது என்று பழைய செய்தித்தாளை வெட்டி வீடு வீடாக மடித்துக் காட்டியிருந்தாளே. முத்திரை இரண்டு படத்துக்கும் நடுவில் விழுந்துவிட்டதோ. அதற்கும் கரித்துண்டால் படம் போட்டுக் காட்டியிருந்தாள். நாலு நிறம், நாலு தாள், ஒரு தாளுக்கு ஒரு குத்து, கிழவிகள்வரை ஒப்பித்தார்கள். பெரிய தேர்தலென்றால் பொத்தானை அமுக்குவதோடு போயிற்று. தாளில் ஓட்டு என்பது ஊராட்சிக்கு மட்டும்தான், அதுவும் போன தடவை நடந்தபோது இவர்களில் ஒருத்திக்கும் எழுதத் தெரியாது. இந்த இடத்தில் யோசனை எதிலோ தட்டி நின்றது. எழுதத் தெரியாது. முந்தாநாள் ஓட்டுச்சாவடி வாசலில் வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியும் சுருக்குப்பையைத் தடவிப் பேனா இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு உள்ளே போனார்கள், அதைப் பார்த்து இவளுக்குப் பெருமையில் கண் கலங்கியது. தாள் வாங்கும்போது கையெழுத்துப் போட்டிருப்பார்கள். போட்டுவிட்டுப் பேனாவை மூடி உள்ளே வைத்துக்கொண்டார்களா. மறைப்புக்குள்ளே போனபோது பேனா கையில்தானே இருந்திருக்கும். டீ ஆறிப்போய்விட்டிருந்தது.

தேர்தல் அலுவலர் எழுந்து வலைக்குக் கிட்டே வந்தார், பின்னால் மூக்குத்தி டீச்சர் அந்த ஓரத்துக் கட்டைக் கையில் அள்ளிக்கொண்டு வந்தாள். "வள்ளிமயில்ங்கிறது நீங்கதானம்மா? இதெல்லாம் ஒங்க சின்னத்துலதான் விழுந்துருக்கு. ஆனா பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டு வச்சிருக்காங்க. யாரு ஓட்டுன்னு தெரியிற மாதிரி எது இருந்தாலும் செல்லாதும்மா" என்றார். டீச்சர் மேல்தாளை வள்ளிமயிலுக்கு மட்டும் தெரிகிறமாதிரி வலையோரம் சாய்த்துக் காட்டினாள். பூட்டு சாவிமேல் முத்திரை சுத்தமாக விழுந்திருந்தது, மை கொஞ்சம்கூட இழுபடவில்லை. பக்கத்தில் நீல மையில் பஞ்சவர்ணம். அடுத்தது, அதிலும் நீல மை, அங்காளம்மா. எழுத்துகள் கண்மாய் மண்ணில் கிடந்ததுபோலவே கோணிக்கொண்டு நின்றன. தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. அப்படி ஒரு வார்த்தை அவள் வாயில் எப்படி வரும். டீச்சர் அடுத்ததைப் புரட்டினாள், பேர் பாதி விரலில் மறைந்திருந்தது, ஆனால் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. "என்ன தங்கச்சி, என்னவாம்?" என்று தனுஷ்கோடி நெருங்கி வந்தார். அலுவலர் சொன்னார். "அடப் பாவமே, நீதான சொல்லிக் குடுத்தே" என்றார், குத்திக்காட்ட வேண்டும் என்றில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அலுவலர் விவரமானவர், இளவயசு. "குத்துமதிப்பா எண்ணிப் பாத்தா ஆட்டோ கொஞ்சம்தான் முன்னால இருக்கு. இந்தக் கட்டு சேந்தா நெலமை மாறும். ஒங்களுக்கு ஆட்சேபனை இருந்தா சொல்லுங்க. ஒவ்வொண்ணா பேர் வாசிச்சு, எல்லா முகவருக்கும் காட்டி, மேலதிகாரிக்கு எழுதிக் கேப்போம்" என்றார். "காட்டட்டும்ங்க, நாமளும் யாரு யாருன்னு பாக்கணும்ல" என்று தனுஷ்கோடி சிரித்துக்கொண்டே பையைத் தடவினார். அவர் ஆள் கண்ணாடிக்கூட்டோடு வாசல்படி ஏறிவருவது தெரிந்தது. பஞ்சவர்ணம் அவர் தோட்டத்தில் குத்தகை. அங்காளம்மாவுக்கு வீடு கட்டுகிற திட்டத்தில் பேர் வரவேண்டும். இருளாயி மகன் டிராக்டர். கேட்டால் கிடைக்குமோ. கிடைக்கலாம். தலைவர் வள்ளிமயில். அந்த நாற்காலியில் இருந்துகொண்டு இவர்களைக் காப்பாற்றமுடியாதா. முடியலாம், அதற்குள் தனுஷ்கோடி ஒவ்வொரு பேரையும் வாய்விட்டு வாசிப்பார், ஊரில் எல்லோருக்கும் தெரியும். கண்ணாடிக்கூடு கிட்டே வந்துவிட்டது. "ஆட்சேபனை இல்ல சார்" என்றாள். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா." "செல்லாதுன்னா செல்லாதுதான் சார். கட்டி உள்ள வச்சிருங்க." டீச்சர் அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தாள்களைக் கவிழ்த்து, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். ஒப்புக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்றார்கள். யாரோ பேனாவை நீட்டினார்கள், அவள் சுருக்குப்பையைத் திறந்து தன்னுடையதை எடுத்தாள்.

வெளியே வந்தபோது ஆட்டோச் சின்னத்துக்காரர்கள் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். கழிப்பறைக்குப் போனாள், முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள், கொஞ்சம் அழுதாள், அதுவும் தண்ணீரோடு போயிற்று. போனைத் திரும்ப வாங்கினாள், யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. ஜெயித்தால் சொல்லு என்றாரே, அப்படியானால் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போய் ஆட்டுக்குத் தண்ணி வைக்கவேண்டும். கேட்டைத் தாண்டி ரோட்டைக் கடந்தால் டீக்கடைப் பந்தல், பந்தலுக்கு வெளியே தரையில் காலை நீட்டி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்க்கவேண்டியிருக்கவில்லை, முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த கையில் இரண்டு கண்ணாடி வளையல். வள்ளிமயில் போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். டீக்கடைக்காரர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார், வேண்டாம் என்று கை காட்டினாள்.

"கால்வலின்ன?"

"வலிதான். வீட்டுல இருக்க மாட்டாம வந்துட்டேன். உள்ள வந்தா அவுக பாப்பாகன்னு இங்கனயே ஒக்காந்துட்டேன். தோத்துட்டோமா மதினி?"

"தோத்துட்டோம்."

இருளாயி முழங்காலை அழுத்திக்கொண்டே ரோட்டைப் பார்த்தாள். வெடிப் புகை இந்தப் பக்கம் வந்தது. "நான் தட்டு ஏந்துனத நீ பாத்துட்டேல்ல. அன்னைலருந்து ஒரு வாய் சோறு எறங்கல. ஓட்டயும் நீ பாக்கணும்ல. அதான், குத்திட்டு, பக்கத்துல பேரப் போட்டுக் கையெழுத்தும் வச்சேன். வந்து சேந்துச்சா?"

"வந்துச்சுத்தா."

"கோடு?"

"கோடும் இருந்துச்சு. ரெண்டு புள்ளியும் இருந்துச்சு."

இருளாயி தலையாட்டினாள். பிறகு சத்தத்தைத் தாழ்த்தி, "அவுக பாத்தாகளா?" என்றாள்.

"இல்ல" என்றாள் வள்ளிமயில். "நான் மட்டுந்தான் பாத்தேன்."